பேஷன்டின் அக்கா

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
6.11.2025, வியாழக்கிழமை

அக்காவுக்கு,

கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பாய். மூன்று வருடமாக உன் நம்பரை பிளாக்கில் போட்டு வைத்திருப்பவள் இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போடுகிறாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவேந்திரன் மாமாவைக் கூப்பிடாதே. சண்டை தீர்ந்துவிடவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. இது வேறு விஷயம்.

போனில் பேசாததற்குக் காரணம், இந்த வீட்டில் போனில் ரகசியம் பேச முடியாது. என் போன் பாதி நாள் அபிநயா கையில் இருக்கிறது. ப்ளஸ் டூ பாடமெல்லாம் அதில்தான் வருகிறதாம். மீதி நேரம் நான் தறியில், அபி அப்பா கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். நீயும் என்னைக் கூப்பிடாதே. எழுதுவதானால் சம்பூர்ணம் டெய்லர் கடை விலாசத்துக்கு எழுது. அவளுக்கு அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற வியாதி கிடையாது.

செவ்வாய்க்கிழமை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

ஆடி மாதத்திலிருந்து எனக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. தறியில் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வாயு என்று நினைத்தேன். இரண்டு வாய் சோறு போனாலே போதும் என்று இருக்கும். அபி அப்பாகூட, “இன்னாமே, அபிக்குத் தம்பி வர்றானா?” என்று கிண்டல் செய்தார். கண்டுபிடித்தது சம்பூர்ணம்தான். தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்தவள், டேப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். “இன்னாடி இது? கை அளவு ரெண்டு இஞ்சு கொறஞ்சிருக்குது, இடுப்பு நாலு இஞ்சு ஏறிக்கினு போவுது? எனக்கு இது நல்லாப் படல” என்றாள். மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு இங்கே ஒரு லேடி டாக்டரிடம் போனாள்.

ஸ்கேன், ரத்தம், வயிற்றிலிருந்து ஊசியில் எடுத்த தண்ணீர், எல்லாம் பரிசோதனைக்குப் போயின. ரிசல்ட் வாங்க நான் தனியாகப் போனேன். அந்த அம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிக்கினு வாங்கம்மா” என்றார். சென்னை டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, கவரை ஒட்டிக் கொடுத்தார்.

அந்த ஒரு பேச்சே எனக்குப் போதுமாக இருந்தது. நம் பக்கத்தில் இந்த நோய்க்கு இரண்டே இடம்தான். உள்ளே டாக்டருக்கு எதிரே நாற்காலி, வெளியே பெஞ்சு. நாற்காலியில் இருக்கிற சொந்தக்காரருக்கு உண்மையைச் சொல்வார்கள். பெஞ்சில் இருக்கிற நோயாளிக்கு அல்சர் என்பார்கள். நீ அம்மாவை ஏழு மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தாய். நான் அதில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன்.

சம்பூர்ணத்துக்கு லைனிங் துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஃபைலோடு பஸ் ஏறினேன். டாக்டர் பெயர் பரசுராமன். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் கண்ணாடியைத் தேடினார்.

“பேஷன்ட் எங்கம்மா?”

“வரலைங்க டாக்டர். பயந்துக்கினு வீட்லயே இருக்குறா. நான் அவ அக்கா.”

“உங்க பேரு?”

“ஏலவார்குழலி.”

யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்ததுபோல வந்தது. அதற்கப்புறம் அவர் என்னைப் பற்றி என்னிடமே விசாரித்தார். தங்கச்சிக்குக் குழந்தைகள் உண்டா? ஒரு பெண், ப்ளஸ் டூ. என்ன வேலை? “வீட்டுக்காரர் பட்டு நெய்றாரு. இவ பக்கத்துல உக்காந்து கரைக்கு நூல் கட்டை, நாடான்னு சொல்வோம், அதைப் போடுவா. இவ எழுந்தா தறி நின்னுடும்.” சாப்பிடுகிறாளா? குருவி மாதிரி கொத்துகிறாள். வயிறு ரொம்ப ஊதியிருக்கிறதா என்று கேட்டபோது, கையிலிருந்த பையை மெல்ல மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன். தைரியசாலியா என்று கேட்டார். அதில்தான் மாட்டிக்கொண்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்து, “வாய் ஜாஸ்தி டாக்டர். தைரியம் இருக்குதான்னு தெரியாது” என்றேன். அவர் சிரித்தார்.

அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். சினைப்பையில் புற்றுநோய். வயிற்றுக்குள் பரவியிருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ். கைமீறிவிட்டது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

நான் அழுதேன் அக்கா. வேடிக்கையைக் கேள், அந்த அகிலா என்கிறவளுக்காக அழுதேன். ஐயோ பாவம், நாற்பத்தொரு வயதுதானே என்று. டாக்டர் டிஷ்யூ பேப்பரை நீட்டி, “நீங்களும் உங்க உடம்பைப் பாத்துக்குங்கம்மா, வெளுத்துப் போயிருக்கீங்க” என்றார். திரும்பி வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டெப்போ வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வரலாம். ஃபாரத்தில் நம்பர் கேட்டபோது என் கை உன் நம்பரைத்தான் எழுதியது. பிளாக் செய்தும் மனப்பாடமாக இருக்கிறது, என்ன செய்ய. கூப்பிட்டால், “சரிங்க, பாத்துக்கறோம்” என்று சொல்லி வைத்துவிடு. வேறு யாரிடமும் சொல்லாதே. மறைப்பது உனக்குக் கைவந்த வேலைதானே.

அகிலா


தர்மவரம்
10.11.2025

அகிலா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். பாத்திரம் கருகி, தெருவில் போகிறவர்கள் கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் ஆறு மாதம் என்றே இருக்கிறது. நேற்று முழுக்க உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் உன் மாமா கையில் கொடுத்துத் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டு.

நான் நம்பவில்லை. முதலில் அந்த ரிப்போர்ட் உன்னுடையதுதானா? எங்கள் தெருவில் ஒருத்திக்கு யாருடைய ஸ்கேனையோ கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வாரம் வீடே எழவு வீடாக இருந்தது, அப்புறம் பார்த்தால் அவளுக்குப் பித்தப்பையில் கல். அந்த மாதிரி இருக்கும். ஊசியில் எடுத்த தண்ணீரை மாற்றி வைத்திருப்பார்கள். உன்னைவிட ஐந்து வயது மூத்தவள் நான் குத்துக்கல்லாக இருக்கும்போது உனக்கு எப்படி வரும்? வரிசை என்று ஒன்று கிடையாதா?

அப்படியே இருந்தாலும், நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் என்று சொல்ல அவர் யார்? வேறு டாக்டரைப் பார்க்கலாம். வேலூருக்குப் போகலாம். இங்கே ஹைதராபாத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

என் பெயரைச் சொன்னது எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் கோபம்தான். என் பெயரை வைத்துக்கொண்டு உன் சாவைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாய். நான் அந்த அறையில் இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீ தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய்.

அம்மா விஷயத்தை இதிலும் இழுத்துவிட்டாய். எத்தனை முறைதான் சொல்வது? சொல்ல வேண்டாம், சொன்னால் மனசு விட்டுவிடுவார்கள் என்று டாக்டர்தான் சொன்னார். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ மறுநாளே வந்து அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டியிருப்பாய். உன் வாயில் எது நின்றிருக்கிறது? ஏழு மாதம் அம்மாவின் எச்சில் துணியைத் துவைத்தவள் நான். அதைப் பற்றி ஒருநாளாவது கேட்டாயா?

சரி, அது கிடக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் நான் அங்கே வருகிறேன். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா


காஞ்சிபுரம்
13.11.2025

அக்காவுக்கு,

நீ வரக்கூடாது. பேசாத அக்கா பெட்டியோடு தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினால், அரை மணி நேரத்தில் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும், அகிலா வீட்டில் என்னவோ என்று. வந்தால் நான் சம்பூர்ணம் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். அபி அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை சொன்னாலும், செத்தாலும் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். இப்போது அது சும்மா பேச்சு இல்லை என்று உனக்குத் தெரியும்.

ரிப்போர்ட் என்னுடையதுதான். பெயர், வயது, எல்லாம் சரியாக இருக்கிறது. பித்தப்பைக் கல்லெல்லாம் இல்லை.

எனக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அபிக்கு மார்ச்சில் பரீட்சை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அவள் வீட்டுக்கு வருகிற அன்று சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குள் மார்ச் அடங்கிவிடுகிறது.

அதுவரைக்கும் இப்போது தறியில் இருக்கிற கல்யாணப் புடவையை முடித்து இறக்கிவிடலாம். நடுவில் அவர் நாடா போட, கரைக்கு நான் போட, நேற்று என் கை பாதியில் நின்றுவிட்டது. “இன்னா, தூங்கறியா?” என்றார். “எதிர் வீட்டுல சண்டை, அதைக் கேட்டுக்கினு இருந்தேன்” என்றேன். எதிர் வீட்டில் சத்தமே இல்லை. அவரும் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “ஆமாம்” என்றார். பொய் எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. உன் தங்கைதானே.

எச்சில் துணி துவைத்தாய் என்று எழுதியிருக்கிறாய். நான் துவைக்க மாட்டேன் என்று சொன்னேனா? என்னைக் கூப்பிட்டாயா? கடைசிப் பதினோரு நாள் இருக்கும்போது போன் செய்தாய். நான் வந்தபோது அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “அல்சருக்கு ஏண்டி முடி கொட்டுது?” என்பதுதான். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ ஃபேன் ஸ்விட்சைப் போட்டுக்கொண்டிருந்தாய்.

இனி எழுதாதே. போன் வந்தால் மட்டும் நான் சொன்னபடி சொல்லிவிடு.

அகிலா


சென்னை
17.11.2025, திங்கட்கிழமை

அகிலா,

காஞ்சிபுரம் பஸ்கள் நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் மடிமேல்தான் இருக்கிறது. எழுத்து புரியாவிட்டால் இரண்டாம் தடவை படி.

வெள்ளிக்கிழமை எனக்குப் போன் வந்தது. ஒரு நர்ஸ், சிம்ரன் என்று பெயர் சொன்னாள். “அகிலா பேஷன்டோட அக்காங்களா? கீமோ ஆரம்பிக்க டேட் தள்ளிக்கினே போவுது மேடம். இன்னும் வேணாம்னுதான் சொல்றீங்களான்னு டாக்டர் கேக்கச் சொன்னாரு” என்றாள். நீ சொல்லிக் கொடுத்த பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சரிங்க, பாத்துக்கறோம். சொல்லியிருப்பேன். கடைசி நிமிடத்தில், “இன்னா வேணாம்?” என்று கேட்டேன்.

“ட்ரீட்மென்ட் வேணாம்னு நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க.”

நேற்று ரயிலேறி, இன்று காலையில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆதாரை மேஜைமேல் வைத்து, “நான்தான் ஏலவார்குழலி” என்றேன். அவர் ஆதாரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “அன்னிக்கு வந்தது நீங்க இல்லையேம்மா?” என்றார்.

“அன்னைக்கு வந்தது அகிலா.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். “இருபத்திரண்டு வருஷமா சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன். இப்படி யாரும் வந்ததில்ல. அன்னிக்கு என்னென்ன வார்த்தை சொன்னேன்னு யோசிக்கிறேன். நோயாளிகிட்ட சொல்ற மாதிரி ஒண்ணுகூடச் சொல்லலையே நான்” என்றார். நீ தலைசுற்றி விழுந்தாயா என்று கேட்டார். தனியாகவா பஸ்ஸில் போனாய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். என் தங்கை பற்றி எனக்குத் தெரியாது என்று ஒரு அன்னியரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் ஃபைலை எடுத்து எனக்கு எல்லாம் சொன்னார். நானும் உன்னைப்போல அழுதேன். ஆனால் அகிலா, அவர் கைவிரிக்கவே இல்லை. உன்னிடமும் விரிக்கவில்லை என்கிறார். முதலில் மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ. சுலபம் இல்லை, திரும்ப வரவும் கூடும், பொய் சொல்ல மாட்டேன் என்றார். பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஏழெட்டுப் பேருக்கு மருந்து கேட்கிறது என்றார். நாலைந்து வருடம் கழித்தும் வந்து போகிற பெண்கள் இருக்கிறார்களாம். ஆறு மாதம் என்பது ஒன்றுமே செய்யாமல் விட்டால். அந்தப் பாதியை மட்டும் எனக்கு எழுதிவிட்டு மீதியை நீ விழுங்கிவிட்டாய்.

கடைசியில் அந்தத் தாளைக் காட்டினார். ‘நோயாளியின் அக்காவிடம் விளக்கப்பட்டது. குடும்பத்தாருக்குச் சிகிச்சையில் விருப்பமில்லை.’ கீழே ஏலவார்குழலி என்று கையெழுத்து. என் ஏ போலவே சுழித்துப் போட்டிருக்கிறாய்.

அடிப்பாவி. என் பெயரில் உனக்குச் சாவு எழுதிக் கொடுத்திருக்கிறாயே. நாளைக்கு நீ போய்விட்டால் அபி வந்து அந்த ஃபைலைப் பார்த்தால், பெரியம்மாதான் வேண்டாம் என்றாள் என்று இருக்கும். உனக்கு என்மேல் அவ்வளவு வஞ்சமா? மூன்று வருடம் நீ பேசாமல் இருந்ததை நான் தாங்கிக்கொண்டேன். இதை எப்படித் தாங்குவது?

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வருவதற்குள் இறங்கிவிட்டேன். நீ வராதே என்று எழுதியதற்காக இல்லை. உன்னைப் பார்த்தால் முதலில் அறைவேனா, கட்டிக்கொள்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. இதை நான் எழுதவே கூடாது என்று இருந்தேன். நாலாவது மாதத்தில் ஒருநாள் அம்மா என்னைக் கேட்டாள், “குழலி, நான் சாவப்போறேனா? சொல்லுடி, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்று. நான், “அல்சருக்கு யாராவது சாவாங்களா?” என்று சிரித்தேன். அதற்கப்புறம் அம்மா என்னிடம் எதையுமே கேட்கவில்லை. பசிக்கிறது என்றுகூட என்னிடம் சொல்லவில்லை, உன் மாமாவிடம்தான் சொன்னாள். அம்மாவின் டாக்டர் சொன்னார், உன் வாய் நிற்காது என்றதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். நான் செய்தது தப்பு.

ஏலவார்குழலி


காஞ்சிபுரம்
20.11.2025

அக்காவுக்கு,

பிடித்துவிட்டாய். அந்த நர்ஸ் இவ்வளவு பொறுப்பாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

வஞ்சம் இல்லை அக்கா. திட்டம் போட்டுச் செய்ததும் இல்லை. அவர் கீமோ என்று சொன்னதும் அம்மாவின் வாய்தான் ஞாபகம் வந்தது. உள்ளே முழுக்கப் புண். தண்ணீர் கொடுத்தால் குடித்தவுடன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, எதற்கு இந்த ஊசி என்று தெரியாமலே அடுத்த ஊசிக்குக் கையை நீட்டுவாள். அதெல்லாம் எனக்கும் வரப்போகிறது என்று நினைத்தேன். டாக்டர், “உங்க வீட்டுல என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார். நான் உன்னைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அவளுக்கு வேணாம் டாக்டர். அவ தாங்கமாட்டா” என்றேன்.

பேஷன்டை ஒருமுறையாவது கூட்டி வாருங்கள் என்று அவர் எவ்வளவோ சொன்னார். நான் மசியவில்லை. இன்னொருத்தி எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்வது எத்தனை சுலபமாக இருந்தது தெரியுமா? ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போடும்போது அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றே தோன்றியது. வெளியே வந்த பிறகு உன்மேல் இருந்த கோபத்தில் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மீதிப் பாதி இருக்கிறது.

அபி பரீட்சைக்காக, தறிக்காக என்றெல்லாம் எழுதினேன். அதுவும் பொய்தான். எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றைவிடப் பெரிதாக இருக்கிறது. உடனே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதை எனக்கு நீ சொல்லியே இருக்க வேண்டாம். படித்துவிட்டு சம்பூர்ணம் கடையிலேயே அழுதுவிட்டேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது சொல்.

அகிலா


தர்மவரம்
22.11.2025

அகிலா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நேராக விஷயத்துக்கு வருகிறேன், தபால்காரர் போவதற்குள் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் தள்ளக் கூடாது என்கிறார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அந்தம்மா நேரா வரட்டும், நான் நேரா பேசறேன் என்றார்.

மாப்பிள்ளையிடம் நான் சொல்ல மாட்டேன். அபியிடமும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் நீ. அம்மா விஷயத்தில் எல்லாவற்றையும் நான் என் கையில் எடுத்துக்கொண்டேன். இதில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மருந்து வேண்டாம் என்பதுதான் உன் முடிவு என்றால் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுவேன், ஆனால் இழுத்துக்கொண்டு போக மாட்டேன். ஒன்றே ஒன்று. வேண்டாம் என்பதை உன் வாயால், உன் பெயரில், டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல். என் பெயரில் சொல்லாதே. அந்தத் தாளில் என் பெயர் இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் தூங்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும்தான். நீ போய்விட்டால் என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்?

உன் அக்கா


காஞ்சிபுரம்
26.11.2025, புதன்கிழமை

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம். அபி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவர் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, “எனக்குக் கேன்சர்” என்றேன். இத்தனை நாளில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. டாக்டரிடம் என் தங்கச்சிக்கு என்றுதான் பேசினேன். உனக்கு எழுதியபோதும் யாருடைய கதையையோ எழுதுவதுபோல நக்கலாக எழுதினேன். எனக்கு என்று சொன்னதும் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அட, நானா, எனக்கா என்று அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது அக்கா. மூன்று வாரத்துக்கு முன்னால் வர வேண்டிய அதிர்ச்சி நேற்றுத்தான் வந்து சேர்ந்தது.

அவர் இழையை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

“யார் சொன்னது?”

“மெட்ராஸ்ல பெரிய டாக்டர்.”

“யாருகிட்ட சொன்னாரு?”

“என்கிட்டதான்.”

“கூட யார் இருந்தா?”

“யாரும் இல்ல.”

நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை. எந்த ஸ்டேஜ், எத்தனை நாள், ஒன்றும் கேட்கவில்லை. “தனியாவா கேட்டுக்கினு வந்த? பஸ்ல தனியாவா வந்த? வந்து எனக்குச் சோறு போட்டியே, அன்னைக்கா?” என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அவர் என் வயிற்றின்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் அபியிடம் அவர் சொல்கிறேன் என்றார். வேண்டாம், நானே சொல்வேன் என்றேன். மருந்தின் பெயர், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று அவள் கேட்டதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே உன் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது பாதிக்குமேல் என் காதில் ஏறவே இல்லை. “நீ என்னம்மா கேட்டுட்டு வந்த?” என்று கோபித்துக்கொண்டாள். ஒரு நோட்டில் கேள்வியெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். பதினேழு இருக்கிறது. படிக்க வேண்டிய நேரத்தில் இது எதற்கு என்று அதட்டினேன். அவள் நோட்டை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். மருந்து வேண்டும் என்றுதான் சொல்லப் போகிறேன். அங்கே போனதும் பயத்தில் வாய் மாறிப் பேசினால் நீ என் கையைக் கிள்ளு. டாக்டரிடம் நீயே சொல்லி வை, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து மறுபடியும் சொல்லச் சொல். போன தடவை அவர் சொன்னது ஏலவார்குழலியிடம். எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வாழ வேண்டும் அக்கா. பத்து மணிக்கு முன்பே வந்துவிடு.

அகிலா